தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் பட்டதும் பயல் போட்ட கூச்சலில் கோயில் கோபுரத்து மணி தானாக அடித்தது என்று எழுத ஆசை. அடிக்கவில்லை. ஆனால் அடித்திருக்க வேண்டிய கூச்சல்தான்.

பிறகு அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் பிரியாணி. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள் இன்று கடித்துப்போட்ட எலும்பை அடுக்கினால் தாமிரபரணிக்கு இன்னொரு பாலம் கட்டலாம். சாப்பாடு முடிந்ததும் குஞ்சு குளுவான்கள் எல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டன. சூழாமல் எங்கே போகும்? ஞானாபரணம் ஆகிய நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், இந்தக் குடும்பத்தின் அங்கீகரிக்கப்பட்ட புளுகர். தென்மாவட்டங்களில் எனக்கு இணை கிடையாது. வடமாவட்டங்களில் விசாரிக்கவில்லை.

பிள்ளைகள் கேட்பது எப்போதும் ஒரே கதை. ‘உன்னைப் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று சொல்லிப் பிள்ளைகளை அழவிடுவது ஊர் உலகத்தில் உள்ள வழக்கம்தான். நான் அதைக் காவியமாக வளர்த்து வைத்திருக்கிறேன். மேலப்பாளையம் சந்தை. பிரளயம் போல மழை. மாட்டு வரிசைக்கும் ஆட்டு வரிசைக்கும் நடுவில் பிள்ளை வரிசை. அண்ணன் பேத்தி ஜோவனாவைப் பல் பிடித்துப் பார்த்து ஒரு மூட்டைத் தவிட்டுக்கு வாங்கினோம். அவள் தம்பி பெனோவை அரை மூட்டைக்கும் கேட்க ஆளில்லை, ஜோவனாவுக்குக் கொசுறாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெனோ என் முதுகில் ஏறிக் குத்தினான். ஜோவனா மகாராணி போல நடந்து காட்டினாள்.

அப்போது என் தங்கை ரூபாவின் மகள் ஜெமீமா, ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், கையில் தண்ணீர் ஜக்கோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், “எனக்கு எவ்வளவு மாமா?” என்றாள்.

“சேச்சே, உன்னை யாரும் வாங்கலட்டி. நீ உங்க அம்மா வயித்துல பெறந்த பிள்ள. சத்தியமா” என்றேன்.

விசேஷமாக ஒன்றுமில்லை. அவள் சிரித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

என் மனைவி புஷ்பம் மட்டும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, “சத்தியம் எதுக்குப் பண்ணுனீங்க?” என்றாள். பிரியாணியில் உப்பு கூடிப்போய் நாக்கு புரண்டுவிட்டது என்றேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காதலர் தினமும் சாம்பல் புதனும் ஒரே நாளில் வந்து தொலைத்திருக்கின்றன. எது பெரிது என்று தெரியாமல் ஒரு ரோஜாப்பூவோடு புஷ்பத்திடம் போனேன். பூவை வாங்கித் தண்ணீர்த் தம்ளரில் போட்டுவிட்டு, “லெந்துக்கு எதை விடப் போறீங்க?” என்றாள்.

ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் நோன்பு, பிடித்த ஒன்றை விட வேண்டும். இறைச்சியை விடலாம் என்றால் அதை டாக்டர் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டார். காபியை விட்டால் நான் விட்டதாக ஆகாது, உயிர் என்னை விட்டதாக ஆகும். இப்படி நான் ஆலோசித்துக்கொண்டிருக்க, “பொய்யை விடுங்க. ஈஸ்டர் வரைக்கும் கூட்டிக் குறைச்சுப் பேசாம இருங்க, பாப்போம்” என்றாள். சரி என்றேன். மாவீரன் வாளை உறையில் போடுவது போல நாக்கை வாய்க்குள் போட்டேன்.

இங்கே ஒன்றை எழுதி வைக்கலாம். ஜெமீமா ரூபா வயிற்றில் பிறந்தவள் அல்ல. ரூபாவும் அவள் புருஷன் தனசிங்கும் நாக்பூரில் வேலையாயிருந்தபோது ஒரு அநாதை விடுதியிலிருந்து எடுத்து வந்த பிள்ளை. அழைத்து வர நானும் போயிருந்தேன். தனசிங்கின் அம்மாவுக்குப் பயந்து, அங்கேயே பெற்றதாக ஊரில் சொன்னார்கள். அந்த அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து வெகுகாலமாகிறது. பிள்ளையிடம் சொல்ல வேளை வரட்டும், வேளை வரட்டும் என்று ரூபா தள்ளிக்கொண்டே போகிறாள். தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும் நாங்கள் இருவரும்தான்.

அதனால்தான் தவிட்டுக் கதையில் ஜெமீமாவை நான் சேர்ப்பதே இல்லை. எல்லாப் பிள்ளையையும் வாங்கினேன், அவளை மட்டும் வாங்கவில்லை. அதைப் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பால் வாங்கப் போன இடத்தில் போதகர் ஐயாவைச் சந்தித்தேன். திடப்படுத்தல் வகுப்பில் ஜெமீமாதான் கெட்டிக்காரி என்றார். ஞானஸ்நானத்தில் தனக்காகப் பெரியவர்கள் கொடுத்த வாக்கைப் பிள்ளை தானே எழுந்து நின்று ஏற்றுக்கொள்ளும் சடங்கு அது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பிஷப் வருகிறார். ஞாயிறு வகுப்பில் ‘தேவனுடைய பிள்ளைகள்’ பாடம் நடந்ததாம். ஜெமீமா எழுந்து, எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் பெத்த பிள்ளைக்கும் ஒரே உரிமையா என்று கேட்டாளாம்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? தேவனுக்குப் பெத்த பிள்ளை ஒருத்தர்தாம்மா. நாம அத்தனை பேரும் அவர் எடுத்து வளர்த்த பிள்ளைகள்தான்னு சொன்னேன். கப்புனு உக்காந்துட்டா” என்று ஐயா என் தோளைத் தட்டினார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பால் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஜெமீமா வந்தாள். நான் குளியலறையில் இருந்தேன். அவள் போகும்வரை இருந்தேன். உடம்பு மிகச் சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 26, திங்கள்

மிளகாய் அரைக்க மாவுமில்லுக்குப் போனேன். மில்லில் ஒரு அசௌகரியம் உண்டு. நம் மிளகாய் மெஷினுக்குள் போய்விட்டால் நாம் ஓட முடியாது. இதைத் தெரிந்துகொண்டு வந்தவள் போல ஜெமீமா சீருடையோடு சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். நீங்கள் இங்கே இருப்பதாக அத்தை சொல்லித்தான் வந்தேன் என்றாள்.

“மாமா, ஒரு கணக்கு கேக்கட்டா?”

“எனக்குக் கணக்கு வராது.”

“இது வரும். பெனோவக் கொசுறா வாங்குனோம்னு சொன்னது பொய். ஜோவனாவ மூட்டைத் தவிட்டுக்குன்னு சொன்னதும் பொய். நீங்க சொல்லுறது எல்லாமே பொய்தான், எல்லாருக்கும் தெரியும். அப்போ என்னை மட்டும் அம்மா பெத்தாங்கன்னு சத்தியம் பண்ணுனது?”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் எத்தனை கேள்விக்கு நான் யானை, சிங்கம், கவர்னர் எல்லாரையும் இழுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பூனைக்குட்டிகூட உதவிக்கு வரவில்லை. பொய் சொல்லக் கூடாது, லெந்து. மெய் சொல்ல உரிமை இல்லை, அது ரூபாவுடையது. ஆகவே மௌனமாக இருந்தேன். மௌனம் பொய்யில் சேராது என்று அங்கேயே தீர்மானித்தும் கொண்டேன்.

மெஷின் நிற்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி மாமா” என்று சைக்கிளில் ஏறிப் போனாள்.

கண்ணெல்லாம் எரிச்சல், தண்ணீராகக் கொட்டியது. மிளகாய் இந்த வருஷம் காரம்.

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரூபா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பற்றி அவளுக்கு ஒரே பெருமை. திடப்படுத்தல் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பிள்ளை தன் தட்டைத் தானே கழுவுகிறாளாம். தன் துணியைத் தானே துவைக்கிறாளாம். பிரிட்ஜைத் திறக்குமுன், “ஒரு ஆப்பிள் எடுத்துக்கிடட்டுமாம்மா?” என்று கேட்கிறாளாம். தோசை போட்டுக் கொடுத்தால் தேங்க்ஸ் சொல்கிறாளாம். நேற்று வரைக்கும் அம்மாவை நீ, வா, போ என்றவள் இப்போது நீங்க, வாங்க என்கிறாளாம்.

“எவ்வளவு பக்தி பாத்தீங்களா அண்ணே” என்றாள் ரூபா.

தோத்திரம் என்றேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. புஷ்பத்திடம் வெயில் என்று சொன்னேன். வெயில் இருந்தது உண்மை.

மார்ச் 8, வெள்ளி

தென்னைக்குத் தண்ணீர் விட்டேன்.

நாள் முழுவதுக்கும் இவ்வளவுதான் எழுதலாம் என்று மூடி வைத்தேன். மறுபடி திறந்திருக்கிறேன்.

தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ரூபா வந்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். பின்கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. ஜெமீமா திடப்படுத்தல் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். எனக்காக யாரோ கொடுத்த வாக்கை நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் நான் யார் பிள்ளை என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாளாம். ரூபா அதற்குப் பதில் சொல்ல முடியாமல் ஓடி வந்திருக்கிறாள். பிள்ளை மனதில் இதைப் போட்டது யார் என்று கேட்டாள். தனசிங் இல்லை, அவள் இல்லை. அண்ணனாகிய நான் உயிரே போனாலும் சொல்லமாட்டேனாம். மிச்சம் புஷ்பம்தான். பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று முன்னே ஒருமுறை சொன்னதும் அவள்தானே?

புஷ்பம் பேசவில்லை. ரூபா அழுதாள். அழுதுகொண்டே, “உங்களுக்குத்தான் ஒண்ணும் வாய்க்கல. எங்களுக்கு வாய்ச்சதையும் வச்சிருக்கக் கூடாதா மதினி?” என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை சொல்லிக் காட்டியதில்லை.

நான் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தென்னைக்கு இன்று மிகுந்த தாகம். ரூபா வாசல் வழியாகவே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் புஷ்பம் பின்பக்கம் வந்தாள். தண்ணீர் தோட்டம் முழுக்க நிறைந்து என் கணுக்காலுக்கு வந்திருந்தது. அவள் குழாயை மூடினாள்.

“போதும். வேர் அழுகிரும்” என்றாள்.

மார்ச் 9, சனி

வெயில்.

மார்ச் 12, செவ்வாய்

ஆண்டவரோடு ஒரு ஒப்பந்தம் பேசியிருக்கிறேன். இன்றிலிருந்து காபி கிடையாது. உப்பு கிடையாது. கட்டில் கிடையாது, தரை. கோயிலுக்கு வெறுங்காலில் நடை. பழைய காலத்துத் துறவிகள் என்னைப் பார்த்தால் வெட்கப்பட்டு மறுபடி பாலைவனத்துக்கே ஓடியிருப்பார்கள். (இது கூட்டிச் சொன்னது. அதற்காகச் சர்க்கரையும் கிடையாது.)

காரியம் மட்டும் நடக்கிறபடியே நடக்கிறது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் புஷ்பம் போகவில்லை. அங்கே ரூபாதான் செயலாளர். தலைவலி என்று சொல்லியனுப்பினாள். என் பொய்யை நான் விட்டேன், அது வீட்டுக்குள்ளேயே இடம் மாறி அவளிடம் போயிருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

புஷ்பம் என்னைத் திட்டுவாள் என்று தினமும் எதிர்பார்க்கிறேன். கஞ்சி வைக்கிறாள், துண்டை மடித்து வைக்கிறாள், மாத்திரையை எடுத்துத் தருகிறாள். சாயங்கால ஜெபத்தில் வழக்கம்போல எல்லார் பேரையும் சொல்லி ஜெபித்தாள். ரூபா பேர் வந்த இடத்தில் குரல் மாறவில்லை. என் பேர் வந்த இடத்திலும் மாறவில்லை. அது இன்னும் மோசம்.

நான் வாக்குத் தவறவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையிலேயே இந்த லெந்தில் ஒரு பொய்யும் சொல்லாத மனுஷன் நான்தான். என் வாய் சுத்தமாயிருக்க என் மனைவி குற்றவாளியாக நடமாடுகிறாள்.

மார்ச் 20, புதன்

ரூபா வீட்டுக்குப் போனேன். வழியில் எதிரே வந்த எல்லாரையும் நிறுத்தி நலம் விசாரித்தேன். தெரியாத ஒருவரையும் விசாரித்தேன்.

ரூபா முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஜெமீமா பள்ளிக்கூடத்தில், தனசிங் வேலையில். நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முன்னுரை, பாயிரம், அலங்காரம் எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“ரூபா, புஷ்பம் சொல்லல. நான்தான். அண்ணன் வீட்டு விசேஷத்துல எல்லாப் பிள்ளையையும் தவிட்டுக்கு வாங்குனோம்னு கேலி பண்ணிட்டு, இவ கேட்டதும் பதறிப்போய் சத்தியம் பண்ணிட்டேன். அதுலயே பிள்ள கண்டுக்கிட்டா. பெறகு என்கிட்டயே வந்து கேட்டா. நான் வாயைத் தொறக்கல.”

அவள் மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். அடுத்ததைக் கிள்ளினாள்.

“அன்னைக்கு நான் வந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“தோட்டத்துல.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“மதினி ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நானே சொல்லட்டும்னு இருந்திருப்பா.”

தட்டில் இருந்த மீன் முழுவதையும் சுத்தம் செய்து முடித்தாள். நான் அங்கேயே இருந்தேன். பூனை ஒன்று வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் அவள், “நான் கையைக் கழுவிட்டுப் போயி மதினி கால்ல விழணும். நீங்க இப்ப போங்கண்ணே. உங்களைப் பாக்க முடியல” என்றாள்.

திரும்பி வந்த வழியில் யாரையும் நலம் விசாரிக்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

ரூபா காலையில் வந்து போனாள். இருவரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தோட்டத்துக்குப் போகவில்லை, முன்வாசலில் இருந்தேன். போகும்போது ரூபா கண்கள் நுங்கு போல வீங்கியிருந்தன. புஷ்பம் அவளுக்கு ஒரு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

ராத்திரி தனசிங் போன் செய்தான். ஜெமீமாவை நடுவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். பாட்டிக்குப் பயந்ததையும் சொன்னார்களாம். ரூபா விக்கி விக்கி அழுதாளாம். பிள்ளை அழவில்லையாம்.

“பிறகு?” என்றேன்.

“சொன்னதுக்குத் தேங்க்ஸ்னு சொன்னா மச்சான். எந்திரிச்சுப் போயி எல்லார் தட்டையும் கழுவி வச்சிட்டா.”



மார்ச் 23, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. கோயிலில் ஓலை கிழித்துச் சிலுவை மடிக்கும் வேலை. குருத்தோலைக் குப்பை மலையாகக் கிடந்தது. இமயமலை அல்ல, நடுத்தர மலை. நான் வெறுங்காலோடு பெருக்க ஆரம்பித்தேன். கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்குட்டியார் விளக்குமாற்றைக் கேட்டுக் கெஞ்சினார். சம்பளம் வாங்குகிற என்னைச் சும்மா நிற்க வைத்தால் ஐயா ஏசுவார் என்றார். கொடுக்கவில்லை.

பிள்ளைகளோடு ஓலை மடிக்க வந்திருந்த ஜெமீமா என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைத் தேடி அவள் வருவது மில்லுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“என்ன மாமா, இந்த வேலை?”

“என் பாவத்துக்குப் பெருக்குதேன்.”

“காபியும் குடிக்கிறது இல்லையாமே. அத்தை சொன்னாங்க.”

“உப்பும் இல்ல.”

“எதுக்கு?”

“ஆண்டவர் என்னைத் தள்ளிவிடாம வச்சிருக்கணும்ல்லா” என்றேன். கேலியாகச் சொல்லத்தான் தொடங்கினேன், கேலியாக முடியவில்லை.

அவள் ஒரு ஓலையை எடுத்து நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். “ஐயா சொன்னாங்க, நாம எல்லாரும் கடவுள் எடுத்து வளர்த்த பிள்ளைகள்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் அதை நம்மகிட்ட மறைக்கலையே மாமா. வேதத்துல எழுதியே வச்சிருக்காரு.”

நான் இரண்டு வீச்சுப் பெருக்கினேன். அவளே மறுபடி பேசினாள். சிரித்த முகமாகத்தான் பேசினாள். “நானும் உங்களை மாதிரிதான். வீட்டுல எல்லா வேலையும் பாத்திருதேன். எதுத்துப் பேசுறது இல்ல. எதுவும் கேக்குறதும் இல்ல.”

“ஏன்ட்டி?”

“திருப்பி அனுப்பிரக் கூடாதுல்லா.”

விளக்குமாற்றைத் தூணில் சாய்த்து வைத்தேன். இந்தப் பிள்ளையின் தலைக்குள் இந்தச் சொல்லை வைத்தது நான். அவளைப் பெற்றவர்கள் யாரோ, எடுத்தவர்கள் ரூபாவும் தனசிங்கும், அந்நியமாக்கினவன் தாய்மாமன்.

எதையாவது பெரிதாகச் சொல்லித் தேற்ற வேண்டும் என்று நாக்கு துடித்தது. ரயில் நின்றது, நாக்பூரே கையசைத்தது என்று ஆரம்பிக்கலாம். வேண்டாம் என்று நடந்ததை மட்டும் சொன்னேன்.

“உன்னைக் கூட்டிட்டு வந்த ரயில்ல நானும் இருந்தேன். ஏறுனதுல இருந்து அழுத. பாலை உங்க அம்மா எடுக்குறதுக்குள்ள மூஞ்சி செவந்து கத்துன. பாலைக் குடிச்சிட்டு மறுபடி கத்துன. எதுத்த சீட்டுக்காரர் பெட்டிய எடுத்துக்கிட்டு வேற பெட்டிக்கே போயிட்டாரு. உங்க அம்மா கழுத்துச் செயினைப் புடிச்சு இழுத்து அறுத்துட்ட. ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கல. ஒரு தேங்க்ஸ் இல்ல. வந்த அன்னைக்கே உன் வீடு மாதிரிதாம்ட்டி இருந்த. யாரும் உனக்குச் சொல்லித் தரல.”

அவள் ஓலையைக் கிழிப்பதை நிறுத்தினாள்.

“அம்மா என்ன செஞ்சாங்க?”

“செயினு போனா போகுதுன்னுட்டா. தூங்கவே இல்ல. என்கிட்டத் தரவும் மாட்டேன்னுட்டா. ஒரே ஒரு தடவ தந்தா, நீ என் சட்டைய நனைச்சிட்ட.”

“நெஜமாவா?”

“இதுல கூட்டுறதுக்கு என்ன இருக்கு?”

அவள் என் காலைப் பார்த்தாள். “செருப்பைப் போடுங்க மாமா, ஓலைக் குச்சி குத்தும்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். விளக்குமாற்றைக் கோயில்குட்டியாரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நான் பெருக்கிய இடத்தையும் ஒருமுறை பெருக்கினார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. ரூபாவும் புஷ்பமும் ஒரே பெஞ்சில். ஜெமீமா நடுவில் அல்ல, ஓரத்தில், அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி வீட்டுப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசிக்கப்பட்டது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். டாக்டரை மீறிப் புஷ்பம் ஆட்டுக்கறி சமைத்திருந்தாள். நான் கைகழுவி உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டு, போதும் என்று தலையசைத்தேன். கொஞ்ச நாளாக இப்படித்தான். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்க எனக்கு வாய் ஏது?

அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். “என்னங்க, வந்த ஆளு மாதிரி உக்காந்திருக்கீங்க? சட்டி அங்கன இருக்கு, எந்திரிச்சுப் போயி எடுத்துத் தின்னுங்க. எனக்குக் கால் வலிக்கி.”

எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன். எலும்பாகப் பொறுக்கினேன். அப்படியே சட்டியைப் பார்த்தபடி, “என்னை மன்னிச்சிட்டியா?” என்றேன்.

“அதுக்கு இன்னும் நாளாகும்” என்றாள். “அதுக்காகப் பட்டினியா கிடப்பீங்க?”

பிறகு காபி போட்டுத் தந்தாள். குடித்தேன். குற்றம் அப்படியே இருக்கிறது. வீடும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இத்தனை வயதில் இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 4, வியாழன்

புஷ்பம் ஒரு பாத்திரத்தில் பாயசம் கொடுத்து ரூபா வீட்டுக்கு அனுப்பினாள். கேட்டைத் திறக்கப் போனவன் கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே பெருஞ்சண்டை.

திடப்படுத்தல் எடுக்கிறேன் என்று ஜெமீமா போன வாரம் தானே சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை உடை தைத்து வந்திருக்கிறது. கை முழங்கைக்குக் கீழே வருகிறதாம்.

“நான் போட மாட்டேன். கெழவி மாதிரி இருக்கு. நான் சொன்ன அளவு என்ன, நீ தைக்கக் கொடுத்த அளவு என்ன? உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“பிஷப் முன்னாடி முழங்காலுல நிக்கப் போற, கை இல்லாமயா நிப்ப?”

“ஜென்சி அப்படித்தான் போடுறா.”

“ஜென்சி கிணத்துல விழுவா, நீயும் விழுவியா? வாய் காட்டாத ஜெமீ, கன்னத்துல ஒண்ணு வச்சேன்னா தெரியும்.”

“வை. வச்சுப் பாரு.”

ஏதோ விழுந்தது, பாத்திரமாக இருக்கலாம். கதவு ஒன்று படார் என்று சாத்தப்பட்டது. சாத்திய கதவைப் பார்த்து ரூபா மேலும் கத்தினாள். கதவுக்குள்ளிருந்து அதைவிடச் சத்தமாகப் பதில் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன சார் இது, போய் விலக்கிவிடக் கூடாதா என்று என்னிடம் சைகை காட்டினாள்.

நான் பாயசத்தைத் திட்டில் வைத்துவிட்டு, கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டேன். உள்ளே இருவரும் ஓய்வதாக இல்லை. யாரும் விலக்கிவிட வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.